காம்ப்புக்குப் போறதோ?

போன வருடம் பெப்ரவரியில் ஒரு நாள், பள்ளிக்கூடத்தால் வந்த மகள் ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: “அம்மா, நாங்கள் மட்டும் ஏன் காம்ப்பிங் போறதே இல்லை?”

கோடை விடுமுறை பற்றி வகுப்பில் ஏதோ எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் கொட்டேஜ், கனூ, மாஷ்மெலோ என்று எழுத, இவள் மூன்றாவது வருடமாக நயாகரா நீர்வீழ்ச்சியை எழுதிவிட்டு வந்திருக்கிறாள்.

நான் மூன்று வயதில் கனடா வந்தவள். முப்பத்திரண்டு வருடம் ஸ்காபரோவில் வளர்ந்து, படித்து, கல்யாணம் கட்டி, இரண்டு பிள்ளைகளும் பெற்றாகிவிட்டது. ஆனால் ஒரு இரவுகூடக் காட்டில் படுத்ததில்லை. எங்கள் ஆட்களின் கோடைப் பயணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஐந்து வான், இரண்டு பெரிய சட்டி, வசாகா பீச். இருட்ட முதல் எல்லாரும் வீட்டில்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொன்னேன். எங்களோடு இருக்கிற என் அம்மா சோற்றுக் கரண்டியைக் கையில் பிடித்தபடி கேட்டா: “காம்ப்புக்குப் போறதோ? காசு குடுத்தோ?”

எல்லாரும் சிரித்தோம். ஆறு வயது மகன் விளங்காமலே கூடச் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை என்பது பாத்திரம் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவின் வாயில் ‘காம்ப்’ என்றால் இரண்டே இரண்டுதான். ஆமிக் காம்ப், இல்லாவிட்டால் அகதிக் காம்ப். கூடாரத்துக்கு முன்னால் நெருப்பு மூட்டி மாஷ்மெலோ வாட்டுவது அந்தச் சொல்லுக்குள் இல்லவே இல்லை.

முதலில் கொட்டேஜ் வாடகைக்கு எடுக்கலாமா என்று பார்த்தோம். நல்ல இடங்கள் கோடையில் பெரும்பாலும் கிழமைக் கணக்கில்தான் தருகிறார்கள். விலையைப் பார்த்துக் கணவர் கணினியை மூடிவிட்டார். பிறகுதான் மாகாணப் பூங்காக்கள் பக்கம் வந்தோம். ‘யூர்ட்’ என்று ஒன்று இருப்பது அப்போதுதான் தெரிந்தது. மொங்கோலியர்களின் வட்டக் கூடாரத்தின் மாதிரியில், மரத்தளத்துக்கு மேல் தடித்த துணியால் கட்டியது. உள்ளே ஆறு பேர் படுக்கக்கூடிய அடுக்குக் கட்டில்கள், மின்சார விளக்கு, ஹீற்றர், பூட்டக்கூடிய கதவு. இரவுக்கு நூறு டொலருக்கு மேல் போகும். முழங்கால் நோகிற அம்மாவை நிலத்தில் படுக்கவிட முடியாது. ‘ரென்ற் இல்லை அம்மா, வீடு மாதிரித்தான்’ என்று சொல்லவும் ஒரு சாட்டு.

இடம், கிலார்னி. ரொறன்ரோவிலிருந்து வடக்கே நானூறு கிலோமீற்றருக்கு மேல். 1964இல் மாகாணப் பூங்காவானது; வெள்ளை வெளேரென்ற குவார்ட்சைற் மலைகள், நீல ஏரிகள். இருள்வானப் பாதுகாப்பிடமாகவும் அறிவித்திருக்கிறார்கள், அதாவது தெருவிளக்கு வெளிச்சம் இல்லாமல் நட்சத்திரம் பார்க்கலாம். மகளுக்கு விண்வெளிப் பைத்தியம். அதனால் வேறு பேச்சே இல்லை.

இடம் பிடிப்பது வேறு கதை. ஒன்ராறியோ பூங்காக்களில் நீங்கள் போய் இறங்கும் நாளுக்குச் சரியாக ஐந்து மாதம் முன்னர், காலை ஏழு மணிக்குப் பதிவு திறக்கும். யூர்ட்டுகள் கொஞ்சம்தான், கண்மூடித் திறக்க முடிந்துவிடும். மார்ச் 19ஆம் திகதி நான் ஏழு மணி இரண்டு நிமிடத்துக்குப் போனேன். ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த நாள் ஆறே முக்காலுக்கே நானும் கணவரும் ஆளுக்கொரு கணினியோடு உட்கார்ந்து, ஆகஸ்ட் 20 செவ்வாய்க்கிழமை தொடக்கம் மூன்று இரவுகளைப் பிடித்தோம். வார இறுதியை விட்டுக் கிழமை நாளில் போனால் இடம் கிடைக்கும் வாய்ப்புக் கூட. ஆகஸ்ட் கடைசியை வேண்டுமென்றே எடுத்தோம். மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் முடியும்வரை கறுப்பு ஈக்களின் ராச்சியம், அது முடிய நுளம்பு. ஆகஸ்ட் கடைசியில் இரண்டும் அடங்கியிருக்கும், ஏரித் தண்ணீரும் சூடேறியிருக்கும்.

பெரியம்மா வீட்டாரும் வரப்போவதாகச் சொன்னார்கள். ஒரு தளத்துக்கு ஆறு பேர்தான், இரவு பத்து மணிக்குப் பிறகு சத்தம் போடக்கூடாது என்று சொன்னேன். “பத்து மணிக்குத்தானே நாங்கள் கதைக்கவே தொடங்கிறது” என்றா பெரியம்மா. அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

காட்டைக் கண்டறியாத குடும்பம், எடுத்த எடுப்பில் ஐந்து மணித்தியாலம் ஓடிப்போய்ப் படுப்பது சரிவராது. ஸ்காபரோ ஆட்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியாது. கிங்ஸ்ரன் வீதியில், ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவுக்குள், கிளென் ரூஜ் என்ற கூடாரத் தளம் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து கால் மணித்தியாலம். 401 பெருந்தெரு இரைகிற சத்தம் விடிய விடியக் கேட்கும். ஆனால் பிள்ளை அழுதால், மழை ஒழுகினால், உடனே வீட்டுக்கு வந்துவிடலாம். ஒத்திகைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஜூன் கடைசியில் ஒரு சனிக்கிழமை, நண்பர் ஒருவரின் கூடாரத்தை இரவல் வாங்கிக்கொண்டு போனோம். அம்மா இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் வருவதாக ஒப்பந்தம்.

நன்றாகத்தான் போனது. இடியப்பமும் சொதியும் சாப்பிட்டோம். பிள்ளைகள் டோர்ச் லைற்றால் ஒருவர் முகத்தில் ஒருவர் அடித்து விளையாடினார்கள். ஒன்பதரை மணிபோல் பூங்கா ஊழியர் ஒருவர் சீருடையில், கையில் விளக்கோடு வந்தார். காரின் முன்கண்ணாடியில் அனுமதிச் சீட்டு வைத்திருக்கிறோமா என்று பார்க்க வந்தவர். வெளிச்சம் ஒரு விநாடி எங்கள் முகங்களில் பட்டுப் போனது.

அம்மா கதிரையை விட்டு எழும்பினா. கைப்பையைத் திறந்தா. ஹெல்த் கார்டையும் சிற்றிசன் கார்டையும் எடுத்து, இரண்டையும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றா.

அவர் அதைக் கவனிக்கவே இல்லை. இரவு வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த தளத்துக்குப் போய்விட்டார். அம்மா நின்றபடியே நின்றா.

“அம்மம்மா, ஏன் கார்ட் எடுத்தனீங்கள்?” என்று மகள் கேட்டாள்.

“சும்மா பிள்ளை. கையில இருக்கட்டும் எண்டு.”

கணவர் அம்மாவை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். பிள்ளைகள் நித்திரையான பிறகு மெதுவாகக் கேட்டார்: “மாமியை இந்த முறை தம்பி வீட்டில விட்டிட்டுப் போவமோ?” எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வயது போன காலத்தில் எதற்கு இந்த உபத்திரவம்? ஆனால் விடியக் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் வர, அம்மா தேத்தண்ணி வைத்துக்கொண்டு நின்றா. கேட்டது இதுதான்:

“அங்கயும் ராவில வந்து எண்ணுவினமோ?”

“ஆர் எண்ணுறது அம்மா?”

“ஆக்களை.”

“இல்லை அம்மா. ஒருத்தரும் எண்ணமாட்டினம்.”

“வெளியில போகவர விடுவினமோ?”

“எந்த நேரமும் போகலாம்.”

“ஆறு மணிக்குப் பிறகும்?”

ஆறு மணி எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஒன்று விளங்கியது. அம்மா வர விருப்பமில்லாமல் இருக்கவில்லை. அங்கே என்ன நடக்கும் என்று அவவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் நான்கு மாதமாக நுளம்பு மருந்தும் தலைவிளக்கும் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். அன்று பின்னேரம் வேறு ஒரு பட்டியல் எழுதினேன், எனக்குத் தெரிந்த தமிழில், பெரிய எழுத்தில். வாசலில் அலுவலகம் இருக்கும். அங்கே பெயரைச் சொன்னால் சீட்டுத் தருவார்கள். சீருடை போட்டவர்கள் வருவார்கள். அவர்கள் பொலிஸ் மாதிரி இருந்தாலும், பார்ப்பது சீட்டையும் நெருப்பையும் சத்தத்தையும்தான். கழிப்பறை இன்ன தூரம். கதவு உள்ளே பூட்டலாம். நினைத்த நேரம் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரலாம். அம்மா கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்துவிட்டு, மடித்துக் கைப்பைக்குள் வைத்தா. இரண்டு எழுத்துப்பிழை இருப்பதாகவும் சொன்னா.

சாமான் விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யூர்ட்டுக்குள் சமைக்கக்கூடாது, வெளியே காஸ் அடுப்பு இருக்கும். படுக்கை விரிப்பு, தலையணை, பாத்திரம் எல்லாம் நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். கோழிக்கறியை டப்பாக்களில் கல்லாக உறையவைத்துக் குளிர்பெட்டிக்குள் அடுக்கினால் ஐஸும் மிச்சம், மூன்று நாள் கறியும் தயார். விறகு இங்கிருந்து கொண்டுபோகாதீர்கள். மரத்தை அரிக்கிற பூச்சிகள் விறகோடு சேர்ந்து பயணம் போகும், அங்கேயே வாங்குங்கள். பரி சவுண்டில் பெற்றோல் நிரப்புங்கள். 69ஆம் பெருந்தெருவை விட்டு 637இல் திரும்பியதும் எங்கள் போன்கள் செத்துவிட்டன; வரைபடத்தை முதலே இறக்கி வைத்திருந்ததால் தப்பினோம். இன்னொன்று, இதை மட்டும் மறக்கவேண்டாம்: மாகாணப் பூங்காக் கரைகளில் உயிர்காப்பாளர்கள் கிடையாது. எங்கள் ஆட்களில் நீந்தத் தெரிந்தவர்கள் குறைவு, தெரியும் என்று சொல்பவர்கள் கூட. பிள்ளைகள் தண்ணீரில் கால் வைக்க முதல் மிதவை அங்கி. பல பூங்காக்களில் அதை இரவலாகவே தருகிறார்கள்.

ஆகஸ்ட் 20, நாலு மணிபோல் கிலார்னி வாசல். நான் இறங்கப்போக, “நீ இரு” என்று சொல்லிவிட்டு அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தானே அலுவலகத்துக்குள் போனா. பத்து நிமிடம் ஆளைக் காணவில்லை. திரும்பி வரும்போது ஒரு கையில் சீட்டு, மற்றக் கையில் பூங்காவின் வரைபடம். “என்ர பேரைக் கேக்கேல்லை. உன்ர பேரைச் சொன்னாப் போதுமாம்,” என்றா. கொஞ்சம் ஏமாற்றம் மாதிரியும் இருந்தது.

ஜோர்ஜ் ஏரிப் பக்கத்து யூர்ட். சாமான் இறக்கி, தேத்தண்ணி குடித்து, பிள்ளைகள் கட்டிலின் மேல்தட்டுக்குச் சண்டை பிடித்து முடிய ஆறரை மணி. அப்போது அம்மா சொன்னா: “ஐஸ் வாங்கப் போவம்.”

“ஐஸ் இருக்கு அம்மா, பெட்டி நிறைய.”

“காணாது. போய் வாங்கிக்கொண்டு வருவம்.”

ஐந்து மணித்தியாலம் ஓட்டி வந்த கணவரின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் திறப்பை எடுத்தார். எனக்கு முதல் அவருக்கு விளங்கிவிட்டது. வாசலைக் கடந்து வெளியே போனோம், ஒருவரும் மறிக்கவில்லை. கிலார்னி கிராமத்துக் கரையில் மீனும் சிப்ஸும் வாங்கி, படகுகளைப் பார்த்தபடி சாப்பிட்டோம். நல்ல மீன். “கொஞ்சம் மிளகாய்த்தூள் பூசிப் பொரிச்சிருந்தா இன்னும் திறம்,” என்பது அம்மாவின் தீர்ப்பு. எட்டு மணிபோல் திரும்பி வந்தோம். வாசலில் அம்மா கண்ணாடியை இறக்கி வெளியே எட்டிப் பார்த்தா. ஒருவரும் எங்களைக் கேட்கவில்லை. ஐஸ் வாங்க மறந்துவிட்டோம் என்பது படுக்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

அன்று இரவு நல்ல குளிர். ஹீற்றரைப் போட்டு, விளக்கை அணைத்து, பிள்ளைகள் நித்திரையானதும், கீழ்க் கட்டிலில் என் பக்கத்தில் படுத்திருந்த அம்மா தானாகத் தொடங்கினா.

1990 ஜூனில் திரும்பச் சண்டை தொடங்கியபோது எனக்கு ஒரு வயது. அப்பா முதலே ரொறன்ரோவுக்கு வந்துவிட்டார். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு பேசாலைக் கரையிலிருந்து படகில் ராமேஸ்வரம் போய், அங்கிருந்து மண்டபம் முகாமுக்குப் போனா. இவ்வளவும் எனக்குத் தெரியும். கல்யாண வீடுகளில் நாலு வரியில் சொல்லப்படுகிற கதை. மண்டபம் முகாம் கூடாரம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற கூலியாட்களை மறித்து வைத்திருக்கக் கட்டிய இடம். ஒரு அறையில் இரண்டு குடும்பம், நடுவில் சீலை. தண்ணீருக்கு விடியப்புறம் மூன்று மணிக்கு வரிசை. எனக்கு வயிற்றோட்டம் வந்து, அம்மா மூன்று நாள் வரிசைக்குப் போகமுடியாமல் கிடந்தபோது, சீலைக்கு மற்றப் பக்கத்துப் பெண் அம்மாவின் குடத்தையும் சேர்த்து நிரப்பிக் கொடுத்தாவாம்.

“ராஜீவ் காந்தியைக் கொண்ட பிறகு எல்லாம் இறுக்கிப் போட்டாங்கள். பின்னேரம் ஆறு மணிக்கு உள்ள நிக்கவேணும். பேர் கூப்பிடுவாங்கள். ஒருநாள் உனக்கு மருந்து எடுக்கப் போனனான். பஸ் பிந்திப்போச்சு.”

“பிறகு?”

“பிறகென்ன. வாசல்ல நிண்டனான்.”

எவ்வளவு நேரம் நின்றா, யார் என்ன சொன்னார்கள், உள்ளே எப்படி விட்டார்கள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, “அந்தப் பிள்ளையின்ர பேர்தான் ஞாபகம் வருகுதில்லை. குடம் நிரப்பித் தந்த பிள்ளை,” என்றா. அதோடு நித்திரையாகிவிட்டா. எனக்குத்தான் நித்திரை வரவில்லை.

விடிய எட்டு மணிக்கு, சீருடைக்காரர் வந்தார். இந்த முறை ஒரு இளம் பெண். நாங்கள் சம்பல் போத்தலையும் கறிச்சட்டியையும் வெளி மேசையில் விட்டுவிட்டு ஏரிக்கரையில் நின்றிருக்கிறோம். கறுப்புக் கரடிகள் உள்ள காடு. சாப்பாடு, குப்பை, பற்பசை, கழுவாத சட்டி எல்லாம் பாவிக்காத நேரம் காருக்குள் இருக்கவேண்டும். வாசலில் தந்த தாளிலேயே அது எழுதியிருந்தது, நாங்கள்தான் வாசிக்கவில்லை. யூர்ட் வாசலில் இருந்த அம்மாதான் அவவோடு கதைத்தது. நான் ஓடி வரும்போது அம்மா சட்டியைத் தூக்கிக்கொண்டு காரடிக்குப் போய்க்கொண்டிருந்தா.

“என்னவாம் அம்மா?”

“கரடிக்குத்தான் இவையள் பயம். எங்களைப் பற்றி ஒண்டுமில்லை.”

கைப்பை கட்டிலில் கிடந்தது. அம்மா அதை எடுக்கவில்லை.

மற்ற இரண்டு நாளையும் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சிக்கனிஷிங் பாதையில் மூன்று கிலோமீற்றர் நடந்து, ஜோர்ஜியன் குடாவின் இளஞ்சிவப்புப் பாறைகளில் பிள்ளைகள் ஏறி இறங்கினார்கள். அம்மா கரையில் கதிரை போட்டு இருந்து, தூரத்து வெள்ளை மலையைப் பார்த்து “உது பனியோ?” என்று இரண்டு தரம் கேட்டா. மகன் மிதவை அங்கியைக் கழற்றாமல் அதோடேயே சாப்பிட்டான்.

நட்சத்திரம் பார்க்கிற திட்டம் மட்டும் கவிழ்ந்தது. புதன்கிழமை இரவு போர்வையும் தொலைநோக்கியுமாக ஏரிக்கரைக்குப் போனோம். கிழக்கே மரங்களுக்கு மேலால் சட்டி அளவில் நிலவு எழும்பியது. ஏரி முழுக்க வெளிச்சம். வானத்தில் எண்ணி நாற்பது நட்சத்திரம் இருக்கும். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஆவணிப் பறுவம் போய் ரெண்டு நாள்தானே,” என்றா அம்மா. “பிறகு உப்பிடித்தான் இருக்கும்.”

“அம்மா! உங்களுக்கு முதலே தெரியுமோ?”

“வீட்டுச் சுவரில கலண்டர் தொங்குதெல்லோ. ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லையே.”

ஐந்து மாதம் திட்டம் போட்டவள் நான். காலநிலை, ஈ, நுளம்பு, கரடி, எல்லாம் பார்த்தேன். தமிழ்க் கடை இனாமாகத் தருகிற கலண்டரைப் பார்க்கவில்லை. நீங்களும் இருள் வானம் தேடிப் போவதென்றால் அமாவாசையை ஒட்டிப் போங்கள்.

இந்த வருடம் பெப்ரவரியில் அம்மாவே கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தா. ஆகஸ்ட் 22, 23இல் அமாவாசை. அந்த வெள்ளிக்கிழமை இறங்கலாம் என்றேன். அம்மா சம்மதிக்கவில்லை. அமாவாசை அன்று விரதம், பயணம் வெளிக்கிட ஏலாது. ஆனபடியால் முதல் நாளே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். விரதச் சாப்பாட்டை வெளியடுப்பில் சமைக்கலாமா என்று மகளிடம் விசாரித்து, ஒரு புதுச் சட்டியும் வாங்கிவிட்டா. அந்தச் சட்டியில் மச்சம் ஏறக்கூடாதாம்.

மார்ச் 21, காலை ஆறு ஐம்பது. நான் ஒரு கணினி, கணவர் ஒரு கணினி, மகள் ஐபாட். அம்மா தேத்தண்ணியோடு பின்னால் நின்று, சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தா.

“ஏழாகுது பிள்ளை,” என்றா. “அமத்து.”